மைக்கில் உதடு பட்டால் ஷாக்: இசைக்குழுவினர் கேள்வி – பதில்

கொடைக் (கோயில் திருவிழா) காலம் தொடங்கிவிட்டால் இசைக்குழு வைத்திருக்கும் தம்பிமாரிடமிருந்து கடிதங்கள் வந்து குவியும். இந்த முறை உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி ஒன்று வந்திருப்பதால் அதற்கே முதல் இடம்.

நாங்குநேரி பக்கம் ஒரு கோயில் கொடையில் வாசித்தோம். கிட்டாரைப் பிடித்துக்கொண்டே பாடுகிற பையனுக்கு மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று அடித்தது. மைக் செட்காரரிடம் சொன்னால், "வேர்வை தம்பி, அப்படித்தான் இருக்கும், துண்டால தொடச்சிட்டுப் பாடு" என்கிறார். வேர்வைதானா அண்ணாச்சி?
– நால்வர் குழு, நாங்குநேரி வட்டம்

வேர்வை ஷாக்கைக் கூட்டும், உண்டாக்காது. மைக்கின் இரும்பு வலை கேபிள் வழியாக மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கிட்டார் கம்பி கார்டு (ஒயர்) வழியாக ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயரின்) உடம்போடு சேர்ந்திருக்கிறது. மிக்ஸருக்குக் கரண்ட் ஓரிடத்தில், ஆம்ப்புக்கு வேறிடத்தில் என்றாகி, இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் வைத்திருக்கும் பையன்தான் நடுவில் ஒயர்.

இதில் இரண்டு வகை உண்டு. ஆம்ப்புக்கு எர்த் இல்லாவிட்டால், உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கப்பாசிட்டர் வழியே கசிவு வந்து, ஆம்ப்பின் உடம்பு 100 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, நிமிண்டிவிட்டுப் போகும். பேஸ் (கரண்ட் வரும்) ஒயரே உள்ளே கழன்று உடம்பைத் தொட்டிருந்தால் முழு 230 வோல்ட். அது ஆளைக் கொல்லும். இது எந்த வகை என்பதை உதட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி கிட்டார் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை மைக் வலையிலும் இன்னொன்றைக் கிட்டார் கம்பியிலும் வையுங்கள். கை எதிலும் படக் கூடாது. 1, 2 வோல்ட் என்றால் பாடலாம். 50க்கு மேல் காட்டினால் கச்சேரியை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் அதே இரண்டு இடத்துக்கும் நடுவே 15 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்துப் பார்ப்பார். எரிந்தால் உண்மையான பேஸ். மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. எரியாவிட்டால் வெறும் கசிவு. எர்த்தைச் சரிசெய்தால் போய்விடும்.

சரிசெய்யும் வழி: மிக்ஸர், கிட்டார் ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து, மூன்று முள் பிளக்கில் கரண்ட் எடுங்கள். "உர்ர்" சத்தம் வருகிறது என்று எர்த் முள்ளை உடைத்து வைத்திருப்பதை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அந்தச் சத்தத்துக்கு மருந்து எர்த் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள டி.ஐ. பாக்ஸ் (கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவே செருகும் சின்னப் பெட்டி). அது சிக்னல் கேபிளின் எர்த்தைத்தான் பிரிக்கும். கரண்ட் எர்த்தைத் தொடாது. போர்டில் எர்த் இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3க்குள் இருக்க வேண்டும். பேஸ்–எர்த் அளவு 80, 120 என்று ஆடினால் அங்கே இருப்பது எர்த் அல்ல, சும்மா தொங்கும் ஓட்டை.

ஜெனரேட்டராக இருந்தால் அதன் உடம்பிலிருந்து தடித்த செம்புக் கம்பி இறங்கி, மண்ணில் ஆழ அடித்த கம்பியில் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கம்பி அடித்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணம், காய்ந்த மணல் கரண்டை வாங்காது. முன்கூட்டியே இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று போர்டில் இருந்தால் இன்னும் நிம்மதி.

கீபோர்டு கருகுவதற்கு வழக்கமான காரணம் வேறு. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால், சீரியல் செட் தொங்கும் பேஸ் ஒரு பக்கம் அமுங்கி, உங்கள் பேஸில் 300, 350 என்று ஏறும். அடாப்டரைச் செருகும் முன் அளவெடுங்கள்; 260 தாண்டினால் செருகாதீர்கள். ஒயரின் தடிப்பும் முக்கியம். 30 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போனால், 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 15 வோல்ட் வழியிலேயே தொலையும்; 2.5 ஒயரில் 4, 5 வோல்ட்தான். சுருளைப் பிரிக்காமல் வைத்தால் சூடேறி உருகும்.

அன்றைக்கு ஒன்றுமே சரிவராவிட்டால் பாடுபவருக்குக் கார்டுலெஸ் மைக் கொடுத்துவிடுங்கள். ஒயர் இல்லாததால் சுற்று அறுந்துவிடும். பழுது மட்டும் அங்கேயேதான் இருக்கும்.

கீபோர்டில் பியானோ டோன் ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. மிக்ஸரில் செருகினால் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது, பேஸ் (அடித்தொனி) சத்தமே இல்லை. கீபோர்டு பழுதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

கீபோர்டு நன்றாக இருக்கிறது, கார்டுதான் தப்பு. ஹெட்போன் ஓட்டையிலிருந்து இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ கார்டை எடுத்து, மிக்ஸரின் ஒரே சானலில் செருகியிருப்பீர்கள். மிக்ஸரின் அந்த ஓட்டை, கார்டின் முனையிலும் வளையத்திலும் வருவதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துக் கேட்கும்படி செய்தது. இடம், வலம் இரண்டிலும் சமமாக வரும் பேஸ், கிக், பியானோவின் நடுப்பகுதி எல்லாம் கழிந்து பூஜ்ஜியமாகி, எதிரொலி மட்டும் மிஞ்சும்.

பின்பக்கம் 'லெஃப்ட்/மோனோ' என்று எழுதிய ஓட்டையில் ஒற்றை வளைய மோனோ கார்டைச் செருகுங்கள். வலப்பக்க ஓட்டை காலியாக இருந்தால்தான் கீபோர்டு இரண்டையும் கூட்டித் தரும். அங்கிருந்து டி.ஐ. பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குப் போகட்டும். ஹெட்போன் ஓட்டை மட்டுமே உள்ள சின்ன கீபோர்டு என்றால், ஒரு ஸ்டீரியோ முனை இரண்டு மோனோவாகப் பிரியும் ஒயர் வாங்கி இரண்டு சானலில் செருகலாம்.

பணகுடியில் ஆனி, ஆடி மாதம் மேடை போட்டால் மைக்கில் 'பொத் பொத்' என்று காற்று. அதை மறைக்கச் சத்தத்தைக் கூட்டினால் கூவுகிறது.
– மெல்லிசைக் குழு, வள்ளியூர்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாடி ஆலையையே ஓட்டுகிறது, மைக் எம்மாத்திரம்! மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்ச் தொப்பி போட்டு, மிக்ஸரில் அடித்தொனியை வெட்டும் லோ கட் பொத்தானை அமுக்குங்கள். பெண் குரலுக்கு 120 ஹெர்ட்ஸ் வரைகூட வெட்டலாம், குரல் கெடாது. மேடைக்கு மேற்கே ஓலைத் தட்டி கட்டச் சொல்லுங்கள். பிளெக்ஸ் பேனர் வேண்டாம். காற்றுப் புகாததால் பாய்மரம்போல இழுத்து, கம்பத்தோடு சாயும்.

கூவல் காற்றால் வருவதில்லை, ஸ்பீக்கர் வைத்த இடத்தால் வருகிறது. பெரிய பெட்டிகள் மைக் வரிசைக்கு முன்னால் இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) எங்கே என்பது மைக்கின் ரகத்தைப் பொறுத்தது. கார்டியாய்டு மைக் நேர் பின்பக்கம் செவிடு. மானிட்டரைப் பாடுபவருக்கு நேர் எதிரே வையுங்கள். சூப்பர் கார்டியாய்டு மைக் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும், பக்கவாட்டில் பின்சாய்ந்த திசையில்தான் செவிடு. அதற்கு மானிட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பாடும் ஸ்டைலை விட்டுவிடச் சொல்லுங்கள். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துக் கூவும்.

கொடை மேடையில் எல்லாரும் மறப்பது ஒன்று: முன்னால் வில்லுப்பாட்டு நடந்திருந்தால் குடம், உடுக்கு, பின்பாட்டு மைக்குகள் திறந்தபடியே கிடக்கும். திறந்த மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். நான்கு போதும் என்கிற இடத்தில் எட்டு திறந்திருந்தால் அந்த 3 டெசிபல் உங்களுக்கு நஷ்டம். பேசாத மைக்கை அடையுங்கள். அதற்குப் பிறகும் கூவினால்தான் ஈக்வலைசர்.

வீட்டில் 10க்கு 10 அறையில் பாட்டு ரெக்கார்டு செய்கிறோம். கான்கிரீட் கூரை, மொசைக் தரை, பாத்ரூமில் பாடியதுபோல் இருக்கிறது. பத்தமடைப் பாயைச் சுவர் முழுக்க அடிக்கலாமா? முட்டை அட்டை நல்லதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பத்தமடைப் பாய் படுக்க அருமை, சுவரில் அடிக்க வீண். ஒலியை விழுங்கத் தடிமன் வேண்டும். 5 சென்டிமீட்டர் பஞ்சுகூட ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் நன்றாக வேலை செய்யும். சில மில்லிமீட்டர் பாய் உச்சியில் இருக்கும் 'ஸ்ஸ்' சத்தத்தை மட்டும் குறைத்து, குரலை மந்தமாக்கிவிட்டு எதிரொலியை அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டையும் அதே கதை, தீப்பற்றும் ஆபத்தும் கூட.

உங்களிடம் ஏற்கெனவே நல்ல பொருள் இருக்கிறது: இலவம் பஞ்சு மெத்தை. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். மைக்கின் முகம் பாடுபவரைப் பார்க்கிறது; அதற்குக் கேட்பது பாடுபவரும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும்தான். மெத்தையைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அந்த இடைவெளி மெத்தையின் தடிப்பைக் கூட்டியதுபோல் வேலை செய்யும். பக்கத்துக்கு ஒன்றாக மடித்த ஜமுக்காளத்தைக் கொடியில் தொங்கவிட்டு, தரையில் இன்னொன்று விரியுங்கள். சேலை அடுக்கிய பீரோ இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோமைவிட அது மேல்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்பது பதிவுக்கு இருப்பதிலேயே மோசமான அறை. 56, 113 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் மூன்று பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். நட்ட நடுவில் நின்றால் 113 உப்பும். 1 கட்டை சுருதியில் பாடும் ஆணுக்குக் கீழ் ஸ்தாயி தைவதம் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது. அந்த ஒரு சுரம் மட்டும் பானைக்குள் பேசியதுபோல் கேட்பது இதனால்தான். சுவரிலிருந்து மூன்றரை அடியில் இருங்கள். நின்றால் வாய் 5 அடி உயரத்தில், அதுவும் நடுதான். ஸ்டூலில் உட்கார்ந்து பாடிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நடுவில் பாப் ஃபில்டர் (வாய்க் காற்றைத் தடுக்கும் வலை). 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ். உச்சக் குரலில் மீட்டர் மைனஸ் 12, மைனஸ் 10 தொட்டால் போதும். சிவப்பைத் தொட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. மின்விசிறியை நிறுத்துங்கள். வெளியே கத்தும் மயிலையும் தெருமுனை மைக் செட்டையும் மெத்தை தடுக்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஊர் அடங்கும் நேரத்தைப் பிடியுங்கள்.

பாடும்போது என் குரல் ஹெட்போனில் பிந்தி வருகிறது.
– வாசகர், மேலப்பாளையம்

புளூடூத் ஹெட்போனா? கழற்றிவிடுங்கள், ரெக்கார்டிங்குக்கு அது ஆகாது. ஒயர் ஹெட்போனிலும் பிந்தினால் இண்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) கம்பெனி தரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் மென்பொருளைப் போட்டு, பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128க்கு இறக்குங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் 512 பஃபர் ஒரு வழிக்கே 10 மில்லி செகண்டுக்கு மேல் எடுக்கும், 128 என்றால் 3க்குள். கம்ப்யூட்டர் திணறி 'டிக் டிக்' என்று உடைந்தால், குரலைக் கம்ப்யூட்டருக்குப் போய்வராமலே கேட்க வைக்கும் டைரக்ட் மானிட்டர் சுவிட்சை இண்டர்ஃபேஸில் போட்டுவிட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணையுங்கள். இரண்டும் திறந்திருந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். மிக்ஸிங் சமயத்தில் பஃபரை 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

ஆண் பாடிய பாட்டைத் தங்கச்சி பாட வேண்டும், எட்டவில்லை. கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் போட்டால் அடுத்த பாட்டு நாறிவிடுகிறது.
– வாசகர், சேரன்மகாதேவி

1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி. அண்ணன் 1 கட்டை, தங்கச்சி 5 கட்டை என்றால் நடுவே ஏழு அரைச் சுரம். கிட்டாருக்கு ஏழாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அமுக்கும் கிளிப்) போட்டால் ஒலி சன்னமாகிவிடும். ஜி-யிலேயே கார்டு (சுரக்கூட்டு) பிடிக்கப் பழகுவது நல்லது. பேஸ் கிட்டார்காரருக்கு வேறு வழியே கிடையாது. டிரான்ஸ்போஸைக் கையால் மாற்றாமல், டோனோடு சேர்த்து ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தானில் பதிந்து வையுங்கள்; பூஜ்ஜியத்துக்கும் தனியாக ஒரு பொத்தான் வேண்டும். எந்தப் பாட்டுக்கு எந்தப் பொத்தான் என்று பாட்டு வரிசைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டை நாங்களே வாசித்து யூடியூபில் போடலாமா? கொடையில் 10 மணிக்கு மேல் வாசித்தால் போலீஸ் நிறுத்துகிறதே, சாமி காரியம்தானே?
– வாசகர், களக்காடு

நீங்களே வாசித்தாலும் பாட்டின் மெட்டும் வரியும் அடுத்தவர் சொத்து. யூடியூப் அதைக் கண்டுபிடித்து, விளம்பரப் பணத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம், வீடியோவையே முடக்கவும் செய்யலாம். வாங்கிய கரோக்கி டிராக்கின்மேல் பாடினால் அந்தப் பதிவுக்கும் ஒரு உரிமையாளர் வந்து நிற்பார். மேடையில், கல்யாண நிகழ்ச்சிகளுக்கு 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. டிக்கெட் கச்சேரிக்கு அந்த விலக்கு இல்லை.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. திருவிழாவுக்காக நள்ளிரவு 12 வரை விலக்கு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. அனுமதிச் சீட்டில் எத்தனை மணி வரை என்று எழுதியிருக்கிறது என்பதை முன்பணம் வாங்கும்போதே விழாக் கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சாமக்கொடைக்கு (நள்ளிரவுப் பூசைக்கு) மேளம் தொடங்கும் நேரமும் அப்போதே தெரிந்துவிடும்.

குற்றாலச் சாரல் காலத்தில் தபேலா சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், தென்காசி

தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய பெட்டியில் வைத்து, மேடையில் அரை மணி நேரம் முன்னதாக எடுத்து, அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகே பக்கத்து மரக்கட்டையைத் தட்டிச் சுருதி ஏற்றுங்கள். ஃபோகஸ் லைட்டுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். பாதிக் கச்சேரியில் தோல் காய்ந்து சுருதி ஏறிவிடும். அரைச் சுரத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் ஒரே வலது தபேலாவைப் போட்டு இழுக்க வேண்டாம், வாய் சிறிய இன்னொன்றைக் கொண்டுபோங்கள். முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி மூடுங்கள்.