பெட்டி பழுதில்லை, பட்டியல்தான் போய்விட்டது

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. பன்னிரண்டு வருடமாக அவர் கட்டில் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் ரேடியோ இருக்கிறது. ஆன் செய்வார், மூன்றாம் பட்டனை அழுத்துவார், பாட்டு வரும். அவருக்கு அது போதும். இருட்டில் தெரியட்டும் என்று அந்தப் பட்டன் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். போன மாதத்திலிருந்து எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஸ்டேஷன் கிடைக்கவில்லை என்கிறது. வைஃபை சேர்ந்திருப்பதாகத்தான் காட்டுகிறது. அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டோம், அதற்கான சேவையும் முடிந்தது என்று தயாரித்தவர்கள் பதில் அனுப்பிவிட்டார்கள். புது ரேடியோ வாங்கலாமா, ஸ்மார்ட் ஸ்பீக்கர் போதுமா, இல்லை என் பழைய போனை ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு ரேடியோதான். மற்ற இரண்டையும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பழைய பெட்டி எதனால் வாயை மூடிக்கொண்டது என்று தெரிந்தால்தான் அடுத்ததைச் சரியாகப் பொறுக்க முடியும்.

எஃப்எம் ரேடியோ காற்றில் வருவதைப் பிடிக்கிறது. இன்டர்நெட் ரேடியோவுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனின் இணைய முகவரியும் தெரிய வேண்டும், அந்த முகவரிகளோ அடிக்கடி மாறுகிறவை. அதனால் பெரும்பாலான ரேடியோக்கள் முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்வதில்லை. அம்மா மூன்றாம் பட்டனை அழுத்தியதும் பெட்டி எங்கோ இருக்கிற ஒரு சர்வரிடம் போய், இந்த ஸ்டேஷன் இன்றைக்கு எங்கே ஒலிக்கிறது என்று கேட்கும். அந்த சர்வரை நடத்துகிறவர் பெரும்பாலும் ரேடியோவைத் தயாரித்தவரே இல்லை, இப்படி ஸ்டேஷன் முகவரிகளின் பட்டியலை நடத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் இன்னொருவர். அவர் கடையைச் சாத்தினால், ஸ்பீக்கர், குமிழ், திரை எல்லாம் நன்றாக இருக்கும்போதே ரேடியோ ஊமையாகிவிடும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. சாஞ்ஜியன், கிரேஸ் டிஜிட்டல், சி கிரேன் என்று பல பெயர்களில் விற்ற ரேடியோக்கள் ரெசிவா என்ற ஒரே பட்டியலை நம்பி இருந்தன. 2021-இல் அது மூடப்பட்டது. லாஜிடெக்கின் ஸ்க்வீஸ்பாக்ஸ் வரிசை 2012-இலேயே நின்றுபோனது. அதற்கான இணைய சேவை மேலும் பன்னிரண்டு வருடம் ஓடி 2024-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஸ்க்வீஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் பலர் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் சர்வர் மென்பொருள் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் அதை எடுத்து நடத்துகிறார்கள், இப்போது அதன் பெயர் லிரியன் மியூசிக் சர்வர். வீட்டில் ஒரு சின்னக் கணினியில் அதை ஓடவிட்டால் பழைய பெட்டி பாடும். உங்களுடையது ஸ்க்வீஸ்பாக்ஸ் என்றால் இதை முதலில் முயன்று பாருங்கள், புது ரேடியோ வாங்க வேண்டியிராது.

வேறு மாடல் என்றால், புதிதாக வாங்கும்போது விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது யாருடைய பட்டியலை நம்பி இருக்கிறது? ஒலித்தரத்தைப் பற்றி அப்புறம் கேட்கலாம். ஏர்பிள், விட்யூனர், ட்யூன்இன், ஸ்கைட்யூன் என்று ஏதாவது ஒரு பெயர் வரும். பெயரே தெரியாது என்றால் வேறு மாடலைப் பாருங்கள். பல பிராண்டுகளின் ரேடியோக்களுக்குள் ஃபிரான்டியர் என்ற நிறுவனத்தின் சிப் இருக்கிறது. அந்த நிறுவனம் 2019-இல் விட்யூனரை விட்டு ஏர்பிளுக்கு மாறியது. நிறைய பேர் ப்ரீசெட்டுகளை, அதாவது பதிந்து வைத்திருந்த ஸ்டேஷன்களை, மறுபடி பதிய வேண்டி வந்தது, திட்டினார்கள். ஆனாலும் பெட்டிகள் குப்பைக்குப் போகவில்லை. பல பிராண்டுகள் ஒரே அடித்தளத்தில் நிற்பதில் இருக்கிற லாபம் இதுதான். பட்டியல் போனாலும் வேறொன்றைத் தேடித் தர ஒருவருக்குக் காரணம் இருக்கும். தனியாக நிற்கும் பிராண்டுக்கு அப்படி யாரும் இல்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். ஸ்டேஷனின் முகவரியை நாமே தட்டிச் சேர்க்க முடியுமா? முடியும் என்றால் அது பெட்டிக்குள் பதிகிறதா, அவர்களுடைய இணையதளத்தில் பதிகிறதா? முடியும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவர்கள் தளத்தில் கணக்குத் திறந்து, அங்கே சேர்த்து, அங்கிருந்து பெட்டிக்கு வர வேண்டும். அந்தத் தளம் போனால் இதுவும் போச்சு. பெட்டியின் சொந்த நினைவகத்தில் பதிகிற மாடல் கிடைத்தால், மற்றதில் கொஞ்சம் குறை இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

அப்புறம், ஒலியைச் சின்னத் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் வரும் ஒலிபரப்பையும், பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் முகவரிகளையும் அது வாசிக்குமா என்று பாருங்கள். பெரிய ஸ்டேஷன்கள் பல இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. பழைய ரேடியோக்களில் ஒரு ஸ்டேஷன் மட்டும் திடீரென்று காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடையில் அம்மாவின் மூன்றாம் பட்டன் ஸ்டேஷனைப் பெயர் சொல்லி ஒலிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். ஆயிரக்கணக்கான ஸ்டேஷன்கள் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள். அம்மாவுக்கு வேண்டியது ஒன்று.

பட்டன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புது மாடல்கள் பலவற்றில் முகப்பில் 1, 2, 3 என்று பட்டன்கள் கிடையாது. ப்ரீசெட் என்ற ஒரே பட்டனை அழுத்தி, குமிழைத் திருகி, பட்டியலில் மூன்றாவதுக்கு நகர்ந்து, குமிழையே உள்ளே அழுத்த வேண்டும். நமக்கு அது நான்கு நொடி வேலை. தூக்கம் வராத இரவில், கண்ணாடி போடாத அம்மாவுக்கு அது நடக்காத காரியம். ஓர் எண்ணுக்கு ஒரு பட்டன் இருக்கிற மாடலாகப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தபின் அது தானாக வைஃபையில் சேர்கிறதா என்பதையும் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்துவிடலாம்.

எஃப்எம்மும், வேறு கருவியைக் கம்பியால் இணைக்கும் ஆக்ஸ் இன் துளையும் இருந்தால் நல்லது. நாளைக்கு இந்தப் பட்டியலும் மூடப்பட்டால் பெட்டி வெறும் அலங்காரப் பொருளாகாமல் ஸ்பீக்கராகவாவது உழைக்கும். உங்கள் பழைய ரேடியோவில் அந்தத் துளை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

இனி மற்ற இரண்டு யோசனைகள். ஸ்மார்ட் ஸ்பீக்கரும் ஏதோ ஒரு பட்டியலை நம்பித்தான் இருக்கிறது. அதோடு ஸ்டேஷன் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் யாரோ ஒரு பாடகரின் பாட்டை ஓடவிடும். இரவு இரண்டு மணிக்கு வீடே தூங்கும்போது அம்மா அதனிடம் குரல் கொடுத்துக் கெஞ்ச வேண்டுமா? பழைய போன் யோசனை இளையவர்களுக்குச் சரி. கட்டில் பக்கத்தில் நாள் முழுக்க சார்ஜிலேயே கிடக்கும் பழைய பேட்டரி வீங்கக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புளூடூத் அறுந்துபோனால் மறுபடி இணைக்க உங்களைத்தான் கூப்பிடுவார்.

கேள்வி: நிறுத்தப்பட்ட அதே மாடல், பயன்படுத்தியது, மலிவாகக் கிடைக்கிறது. பழகிய பெட்டி என்பதால் அதையே வாங்கினால் என்ன?

பதில்: பட்டியல் மூடிய மாடல் என்றால் இரண்டு ஊமைப் பெட்டிகள் சேரும், அவ்வளவுதான். பட்டியல் இன்னும் ஓடுகிற மாடல் என்றால் விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்து, வைஃபையில் புதிதாகச் சேர்த்து, ஒரு ஸ்டேஷனை ஒலிக்கவைப்பது வரை இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவைக் காட்டினால் போதாது. சில மாடல்கள் பழைய நினைவில் ஓடிக்கொண்டிருக்கும். ரீசெட் செய்த அன்றைக்குப் பதிவு செய்ய சர்வர் இருக்காது. ரப்பர் பூச்சுப் பூசிய பழைய பெட்டிகள் வருடங்கள் போகப் போகத் தொட்டால் பிசுபிசுக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடாப்டர் அசலா என்று பாருங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்டேஜ் அடாப்டரைச் செருகினால் ரேடியோ புகையக்கூடும்.

கேள்வி: புது ரூட்டர் போட்ட நாளிலிருந்து என் ரேடியோ வைஃபையிலேயே சேரவில்லை. மாற்ற வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். பழைய ரேடியோக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும் அறியும், வைஃபை பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ2-க்கு மேல் தெரியாது. ரூட்டர் அமைப்பில் 2.4-ஐத் தனிப் பெயரில் பிரித்து, டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருப்பதை டபிள்யூபிஏ2-உம் சேர்ந்ததாக மாற்றுங்கள். கடவுச்சொல்லில் விசித்திரமான குறியீடுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் பாருங்கள். குமிழைத் திருகி எழுத்து எழுத்தாக அடிக்கிற ரேடியோக்களில் சில குறியீடுகள் இருப்பதே இல்லை.

கேள்வி: நாள் முழுக்க ஓடினால் டேட்டா தீர்ந்துவிடாதா?

பதில்: 128 கேபிபிஎஸ் ஸ்டேஷன் மணிக்கு 58 எம்பி அளவுக்கு எடுக்கும். தினம் ஐந்து மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு 9 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு பிராட்பேண்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதாக இருந்தால், அதே ஸ்டேஷன் ஏஏசி என்ற ஒலிச்சுருக்க முறையில் 64 கேபிபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள், செலவு பாதியாகும்.