எல்லாம் என்னால்தான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருக்கிறோம். போன மாதம் நான் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு 79 வயது. நான் வீட்டில் இருந்திருந்தால் விழுந்திருப்பாரா? கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்துகிறது. தங்கை தீபாவளிக்கு வரவில்லை. முந்தின வருஷம் அவள் புடவையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டேன், அதனால்தான் இருக்கும். மூன்று முறை மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். “விடுக்கா” என்று மட்டும் பதில். கணவர் வேலை டென்ஷனில் முகம் சுளித்தாலும் நான் என்ன செய்தேன் என்றுதான் மனம் ஓடுகிறது. பெரியவன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில் இருக்கிறான், சனிக்கிழமை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தால் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறான், என்னடா என்றால் “சொன்னா அழுவீங்கம்மா” என்கிறான், அந்த வயசு அப்படித்தானே. மாமியார் விஷயம்தான் தூங்கவிடவில்லை. அன்றைக்கு மீன் வாங்கப் போகாமல் இருந்திருக்கலாம். ராசியில்லாதவள் நான். இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது?

அன்புச் சகோதரிக்கு,

மாமியார், தங்கை, கணவர் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு ஒரே ஒரு வாக்கியம். என் கண் அங்கேதான் நின்றது.

அவன் “ஒன்றுமில்லை” என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்ல ஏதோ இருக்கிறது. வாயைத் திறந்தால் பேச்சு உங்கள் அழுகைக்குப் போய்விடும், கடைசியில் தானே உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறான். தங்கையின் “விடுக்கா”விலும் அதே களைப்பு கேட்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பழியை எல்லாம் தலையில் போட்டுக்கொள்வது பணிவு மாதிரித் தெரியும். ஆனால் யாருக்கு வலித்தாலும் நடுவில் நீங்களே வந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். மாமியார் எப்படி விழுந்தார் என்று அவரிடம் கேட்டதாகக்கூடக் கடிதத்தில் இல்லை.

ரோனி ஜானோஃப்-புல்மன் என்ற உளவியலாளர் 1979ல் தன்னைக் குறை சொல்வதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, செய்த செயலைக் குறை சொல்வது. மற்றது, தன் குணத்தையே குறை சொல்வது. செயல் என்றால் மாற்ற இடம் உண்டு. தரை வழுக்கியதா? வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடியும் தரை வழுக்காமலிருக்கப் பூச்சும் போட்டுத் தருகிறார்கள். 65 வயதைத் தாண்டியவர் இருக்கும் வீடு, விண்ணப்பித்துப் பாருங்கள். “ராசியில்லாதவள்” என்பதற்கு எங்கே கைப்பிடி பொருத்துவது?

சனிக்கிழமை மகன் வந்ததும் விசாரணை வேண்டாம். கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் பிராட்டா வாங்கிக்கொடுங்கள். பேச ஆரம்பித்தால் “என்னாலயா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “அப்புறம்?” போதும். அழுகை வந்தால் வரட்டும், “நான் அழுதாலும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நீ சொல்லு” என்று சொல்லுங்கள். விஷயம் பெரிதென்றால் ராணுவத்திலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது. அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தங்கைக்கு நான்காவது மன்னிப்பு அனுப்ப வேண்டாம். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.