மவுஸைக் கண்டதும் விலகும் தமிழ் எழுத்துகள்

கேள்வி: பி5.ஜேஎஸ்ஸில் (படமும் அசைவும் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ‘தமிழ்’ என்ற சொல்லை ஸ்ப்ளிட் போட்டுப் பிரித்து, மவுஸ் அருகில் வந்தால் எழுத்துகள் விலகும்படி செய்தேன். ஆங்கிலச் சொல்லுக்குச் சரியாக வருகிறது. தமிழில் இகரக் குறியும் புள்ளியும் தனியே பறக்கின்றன. எழுத்துகள் நடுங்கவும் செய்கின்றன. ஏன்?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஸ்ப்ளிட் யூனிகோட் குறிகளைப் பார்த்து வெட்டும். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து; யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல்.செக்மென்டர் என்ற துண்டாக்கும் கருவியைப் பயன்படுத்தி, கிரானுலாரிட்டியை (எந்த அளவில் வெட்டுவது என்பதை) கிராஃபீம் என்று வையுங்கள். த, மி, ழ் என்று முழு எழுத்தாகக் கிடைக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அது உடைத்துவிடும். ‘க்’ துண்டை அடுத்து ‘ஷ’வில் தொடங்கும் துண்டு வந்தால் நீங்களே ஒட்டிவிட வேண்டும், ‘ஸ்’, ‘ரீ’க்கும் அப்படியே.

நடுக்கம் வேறு சங்கதி. எழுத்து இப்போது நிற்கும் இடத்திலிருந்து மவுஸின் தூரத்தை அளக்கிறீர்கள் போலும். விலகியதும் தூரம் கூடி, தள்ளும் விசை குறையும், எழுத்து திரும்பி வரும், மறுபடி தள்ளப்படும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொந்த இடத்தை, தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப்பில் குறித்துவைத்து, எப்போதும் அங்கிருந்தே, தூரம் சொல்லும் டிஸ்ட் கொண்டு அளந்தால் நடுக்கம் நின்றுவிடும். தூரம் 0 முதல் 120 பிக்சல் வரை போகும்போது விலகல் 40இலிருந்து 0 ஆகும்படி மேப் செய்யுங்கள். மேப்பின் கடைசி மதிப்பாக ட்ரூ (வரம்பைத் தாண்டாதே என்று பொருள்) சேர்க்காவிட்டால் 120ஐத் தாண்டியதும் விலகல் எதிர்மறையாகி, தொலைவிலுள்ள எழுத்துகள் மவுஸை நோக்கி இழுபடும். புதிய இடத்துக்கு லெர்ப் (மீதித் தூரத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்துவது) 0.1 வேகத்தில் நகர்த்துவது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

திசை காண தூரத்தால் வகுக்கிறீர்களா? மவுஸ் சரியாக எழுத்தின் மேல் நின்றால் 0ஐ 0ஆல் வகுத்து NaN (‘எண் அல்ல’) என்ற மதிப்பு வரும். லெர்ப் அதையே அடுத்தடுத்த ஃபிரேமுக்கும் கடத்துவதால், அந்த எழுத்து மறைந்தால் மறைந்ததுதான். திசையைக் கோணமாகத் தரும் ஏடேன்2 பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: பி5 1.x பதிப்பில் லோட்ஃபான்ட் மூலம் எழுத்துருவை ஏற்றினால், ‘தெரு’வில் கொம்பு த-வுக்குப் பின்னால் போய்விடுகிறதே?
— வாசகர், கோவை

பதில்: அந்தப் பதிப்பில் லோட்ஃபான்ட் எழுத்துகளை ஓபன்டைப்.ஜேஎஸ் (எழுத்துருக் கோப்பைப் படிக்கும் நூலகம்) வழியாக வரைகிறது. தமிழ்க் குறிகளை இடம் மாற்றி அடுக்க அதற்குத் தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்து, டெக்ஸ்ட்ஃபான்ட்டில் பெயரை மட்டும் கொடுங்கள். பிரவுசரே சரியாக வரைந்துவிடும். ஆனால் எழுத்துரு இறங்கி முடிந்த பிறகே டெக்ஸ்ட்விட்த் கொண்டு எழுத்தின் அகலத்தை அளக்க வேண்டும். முந்தினால் இடைவெளிகள் தப்பாகும். வெப்ஜிஎல் முறையில் (முப்பரிமாணம் வரையும் முறை) பெயர் கொடுத்தால் செல்லாது. தனி வரைபரப்பு தரும் கிரியேட்கிராஃபிக்ஸில் 2டியாக எழுதி, அதைப் படமாக ஒட்டுங்கள்.