சென்சார் வைத்துக் குதிரையேற்றத்தைத் திருத்திக்கொள்ள முடியுமா?

மூன்று வருடமாகப் பழகியும் "கை இறுகுது" என்ற புகார் தீரவில்லை, சென்சார் வாங்கினால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். எனக்கும் இதே புகார்தான் இருந்தது, அதனால் என் கதையையே சொல்கிறேன்.

என் பயிற்சியாளர் "கையை விடுங்க, கையை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் விட்டுவிட்டதாக மனதார நம்பினேன். கடைசியில் கடிவாள வாரின் இழுப்பை அளக்கும் சென்சாரை இரண்டு பக்கமும் மாட்டிப் பார்த்தோம். வாருக்கும் வாயிலுள்ள கடிவாள வளையத்துக்கும் நடுவில் பொருத்தும் சின்னக் கருவி அது. இழுப்பை நியூட்டனில் பதிவு செய்யும். ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற இழுப்பு ஏறத்தாழ 10 நியூட்டன்.

அன்று செய்தது ஒரே பயிற்சி: நடையில் போய் நிறுத்துவது. பயிற்சியாளர் செல்போனில் வீடியோ எடுத்தார். பிறகு வீடியோவையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குதிரை நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது, கோடு இறங்கவில்லை. ஒன்றரை விநாடி கழித்துத்தான் இறங்கியது, அதிலும் வலது கை இடதைவிடத் தாமதம். அந்த ஒன்றரை விநாடியில் குதிரை வாயைத் திறந்து, தலையை முன்னால் தள்ளுவது வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் நான் இத்தனை நாளும் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதைச் செய்த பிறகும் வாயில் அழுத்தம் குறையவில்லை என்றால் அது பாவம், வேறென்ன செய்யும்? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இழுப்பு எந்தக் கணத்தில் விடுபடுகிறதோ, அந்தக் கணத்தில் செய்துகொண்டிருப்பதைத்தான் குதிரை சரி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அடுத்த ஆறு வாரம் நான் பார்த்தது அந்த ஒரே இடைவெளியைத்தான். குதிரைமேல் இருக்கும்போது திரையைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். பதிலாக, கை தளர்ந்ததாகத் தோன்றும் கணத்தில் "விட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வேன். வீடியோவில் குரல் பதிவாகும். முதல் வாரம் குரல் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். மெல்ல மெல்ல இரண்டும் நெருங்கி வந்தன. கை திருந்தியதைவிட, கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரிய ஆரம்பித்ததுதான் பெரிய லாபம்.

கோடு ஆடாமல் நேராக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ட்ராட் என்ற மிதமான ஓட்டத்தில் ஒரு முழு காலடிச் சுற்றுக்கு இரண்டு முறையும், அதைவிட வேகமான கேன்டரில் ஒரு முறையும் இழுப்பு ஏறி இறங்குவது இயல்பு. குதிரையின் உடலும் தலையும் அப்படி அசைகின்றன. பார்க்க வேண்டியது அலைகள் சீராக இருக்கின்றனவா, இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றனவா, நடுவில் இழுப்பு நன்றாகத் தணிகிறதா என்பதைத்தான்.

இன்னொரு வகை, சேணத்திலோ வயிற்று வாரிலோ மாட்டும் அசைவு சென்சார். உள்ளே வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் சுழல்மானியும் இருக்கும். இதில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ட்ராட்டில் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று ஆப் காட்டியது. குதிரைக்குத்தான் கால் வலியோ என்று பயந்தே போனேன். ட்ராட்டில் குறுக்குக் கால்கள் (இடது முன்காலும் வலது பின்காலும் போல) ஜோடி ஜோடியாகத் தரையில் படும். எழுந்து உட்கார்ந்து ஓட்டும்போது ஏதாவது ஒரு ஜோடி ஊன்றும்போதுதான் நாம் உட்காருவோம். நேர்ப்பாதையில் நான் எப்போதும் ஒரே ஜோடிக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஜோடியை மாற்றியதும் வித்தியாசம் மறுபக்கம் போனது. காரணம் என் உட்காரல்! இருந்தாலும் உங்களுக்கு இப்படி வந்தால், ஆள் ஏறாமல் கயிற்றில் பிடித்து நேர்கோட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஆப்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இதெல்லாம் புதுமோகம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 1870-களிலேயே எத்தியென்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளம்புகளுக்கு அடியில் காற்றடைத்த ரப்பர் பந்துகளை வைத்து, குழாய் வழியாக ஓட்டுபவர் கையிலிருந்த பதிவுக் கருவிக்கு இணைத்து, எந்தக் கால் எப்போது தரையில் படுகிறது என்று எழுதவைத்தார். வேகமாக ஓடும் குதிரையின் நாலு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்று அவருடைய பதிவுகள் காட்டின. புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 1878-இல் வரிசையாகக் கேமரா வைத்து எடுத்த படங்களுக்கும் முன்னால் நடந்தது இது.

இதயத்துடிப்பு சென்சார் குதிரையின் உடல்தகுதிக்கு நல்லது; உங்கள் கைக்கு உதவாது. உங்கள் புகாருக்கு வார் சென்சார் போதும். முதல் நாளே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இடது சென்சாரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டி மறுபடி ஓட்டுங்கள். வித்தியாசம் கருவியோடு பக்கம் மாறினால் கோளாறு கருவியில். மாறாமல் அதே பக்கத்தில் நின்றால், அந்தக் கையைப் பயிற்சியாளரிடம் காட்டி அங்கிருந்து தொடங்குங்கள்.