ஒரே சுரங்கள், வேறு ராகங்கள்: இந்துஸ்தானி கேள்வி பதில்

கர்நாடக சங்கீதம் கேட்டும் கற்றும் பழகியவர்கள் வடக்கத்திய இசை பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சுரங்களை நமக்குப் பழகிய எண்களோடேயே எழுதுகிறேன்: கோமள் ரிஷபம் என்றால் ரி1, தீவிர மத்தியமம் என்றால் ம2.

மார்வா, பூரியா, சோஹினி மூன்றுக்கும் ஸ ரி1 க3 ம2 த2 நி3 என்றே போட்டிருக்கிறார்கள். பஞ்சமம் மூன்றிலும் இல்லை. அப்படியானால் மூன்று பெயர் எதற்கு சார்? நமக்கு இது எல்லாமே ஹம்ஸானந்திதானே?

சுரப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, பாடுபவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள். இந்துஸ்தானி ராகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மார்வாவில் நிற்கும் இடங்கள் ரிஷபமும் தைவதமும். ஷட்ஜத்தை நெடுநேரம் தொடாமல் ஒதுக்குவார்கள். மந்திர ஸ்தாயியில் நி, அங்கிருந்து நேரே ரி1, பிறகு க, ம2, த என்று ஏறி, 'த ம க ரி' என்று இறங்கி ரிஷபத்திலேயே நிற்பார்கள். தம்புரா விடாமல் ஷட்ஜத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, பாடகர் அதற்கு அரை ஸ்வரம் மேலே நிற்கிறார். அந்த இழுபறிதான் மார்வாவின் அமைதியின்மைக்குக் காரணம். கடைசியில் 'ரி நி த ஸ' என்று மந்திர தைவதம் வரை போய் ஷட்ஜத்தில் வந்து அமரும்போதுதான் கேட்பவருக்கு மூச்சு வரும். பாடக் கற்பவர்கள் இங்கே செய்யும் தவறு, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சொற்கட்டையும் ஷட்ஜத்தில் முடிப்பது. நாலு தடவை அப்படி முடித்தால் மார்வா கரைந்துவிடும்.

பூரியாவில் நிற்கும் இடங்கள் காந்தாரமும் நிஷாதமும். ராகம் பெரும்பாலும் மந்திர ஸ்தாயியிலும் மத்திய ஸ்தாயியின் கீழ்ப்பாதியிலும் உலவும். 'க, நி ரி ஸ' என்ற இறக்கம் கேட்டால் பூரியா என்று சொல்லிவிடலாம். ரிஷபத்தில் தங்க ஆரம்பித்தால் மார்வா வந்து ஒட்டிக்கொள்ளும்.

சோஹினி மேலே வாழ்கிற ராகம். 'க ம த நி ஸ' என்று சட்டென்று தார ஷட்ஜத்துக்குப் போய், அங்கே 'ரி ஸ' என்று சுற்றி, 'நி த, க' என்று இறங்கும். ஹம்ஸானந்திக்கு நெருக்கம் இதுதான். முதல் இரண்டையும் ஹம்ஸானந்தி என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

பாடும் நேரமும் வேறு. மார்வாவும் பூரியாவும் அந்தி சாயும் வேளைக்கும் அதை ஒட்டிய முன்னிரவுக்கும் உரியவை. சோஹினி இரவின் கடைசிப் பகுதிக்கு.

மோகனம் நன்றாகப் பாடுவேன். ஆனால் பூபாலி பாடினால் என் குருஜி "மோகனம் வந்துவிட்டது" என்கிறார். சுரங்கள் ஒன்றே, தவறு எங்கே?

காந்தாரத்தில். நீங்கள் அதை அசைக்கிறீர்கள். பூபாலியின் காந்தாரம் கமகமில்லாமல், தம்புராவோடு ஒட்டி, நேர்க்கோடாக நிற்க வேண்டும். வாதி, அதாவது ராகத்தின் தலைமைச் சுரம் அதுவே. ரிஷபத்தையும் தைவதத்தையும் அதே மாதிரி அசைக்காமல் விடுங்கள். அசைவுக்குப் பதிலாக மீண்டு, அதாவது நம் ஜாரு: பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கும், தார ஷட்ஜத்திலிருந்து தைவதத்துக்கும் வழுக்கி இறங்க வேண்டும்.

அந்த வழுக்கலிலும் ஒரு கண்ணி உண்டு. ப-விலிருந்து க-வுக்கு வரும் வழியில் ம2 காதில் விழுந்தாலோ, ஸ-விலிருந்து த-வுக்கு வரும்போது நி கேட்டாலோ, அது சுத்த கல்யாண். அந்த ராகத்தின் ஆரோகணம் பூபாலியேதான், அவரோகணத்தில் இந்த இரண்டு சுரங்களும் மீண்டுக்குள் ஒளிந்து வரும். இன்னொரு பக்கம், தைவதத்தில் அதிகம் தங்கி மேல் ஸ்தாயியில் சுற்றினால் காலை ராகமான தேஷ்கார் ஆகிவிடும். அதற்கும் இதே ஐந்து சுரங்கள்தான்.

பயிற்சி: மந்திர தைவதத்தில் தொடங்கி 'த ஸ ரி க' என்று வந்து, காந்தாரத்தில் ஒரு மூச்சு முழுவதும் நில்லுங்கள். குரல் நடுங்காமல் நிற்கும்வரை அடுத்த சுரத்துக்குப் போக வேண்டாம்.

நமக்கு 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) இருக்கும்போது அவர்களுக்குப் பத்தே தாட் (ராகங்களைப் பிரிக்கும் வகுப்பு) எப்படிப் போதுகிறது?

போதவில்லை. தாட் முறையை வகுத்தவர் பம்பாயில் வழக்கறிஞராக இருந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860-1936). அவர் காலத்தில் உஸ்தாத்கள் பாடிவந்த ராகங்களைக் கேட்டு, எழுதி, எந்தக் குடுவையில் எது அடங்கும் என்று பார்த்துப் பிரித்தார். கணக்கிலிருந்து ராகத்துக்கு வந்தது மேளகர்த்தா. நடைமுறையிலிருந்து கணக்குக்குப் போனது தாட். 1904இல் அவர் தெற்கே பயணம் வந்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்திருக்கிறார். தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சான ஆண்டும் அதுவே. வேங்கடமகியின் மேள முறையை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் பத்தில் நிறுத்தினார்.

நம் மேளத்தோடு பொருத்தினால்: பிலாவல் சங்கராபரணம், கல்யாண் மேசகல்யாணி, கமாஜ் ஹரிகாம்போதி, காபி கரஹரப்ரியா, ஆசாவரி நடபைரவி, பைரவி ஹனுமத்தோடி, பைரவ் மாயாமாளவகௌளை, பூர்வி காமவர்த்தினி, மார்வா கமனாச்ரமா, தோடி சுபபந்துவராளி.

ஒட்டாத இடங்கள் நிறைய. மத்தியமமும் நிஷாதமும் இல்லாத பூபாலியைக் கல்யாணில் போட்டது சுரங்கள் நகரும் விதத்தை வைத்துத்தான். தெற்கிலிருந்து போன கீரவாணியும் சாருகேசியும் எந்தத் தாட்டிலும் அடங்காது. தாட் ஒரு அலமாரி, அவ்வளவே. அதை வைத்து ராகத்தைப் பாட முடியாது.

ராகப் பெயர்களில் குழப்பம். அவர்கள் பைரவி, தோடி என்பது நம்முடையதா?

இல்லை. மேலே உள்ள பொருத்தத்தைப் பாருங்கள்: அவர்கள் பைரவியின் சுரங்கள் நம் தோடிக்கு, அவர்கள் தோடியின் சுரங்கள் சுபபந்துவராளிக்கு. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். அவர்களுடைய ஹிந்தோல் வேறு, அது சுநாதவினோதினிக்குப் பக்கம். நம் சுத்த சாவேரி அங்கே துர்கா.

விளம்பித் கயால் (மிக மெதுவான காலத்தில் பாடும் உருப்படி) கேட்கும்போது தாளம் தொலைந்துபோகிறது அண்ணா. ஏக்தாலில் 12 மாத்திரை என்று தெரியும். சமம், அதாவது சுற்றின் முதல் மாத்திரை, எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மாத்திரைக்கு 4 வினாடி என்று வைத்தால் ஓர் ஆவர்த்தனம் 48 வினாடி. விரலை எண்ணிக்கொண்டிருந்தால் தொலையத்தான் செய்யும். தபலாவின் தேகாவை, அதாவது தாளத்துக்கு உரிய நிலையான சொற்களைப் பிடியுங்கள்:

தின் தின் | தாகே திரகிட | தூ நா | கத் தா | தாகே திரகிட | தின் நா

முதல் அடையாளம் 'திரகிட'. நான்கு சொற்கள் நெருக்கமாக விழுவதால் எவ்வளவு மெதுவான காலத்திலும் காதில் தனியாகத் தெரியும். ஆனால் அது 4ஆம் மாத்திரையிலும் வரும், 10ஆம் மாத்திரையிலும் வரும். எது என்று சொல்வது அடுத்த அடி. திரகிடவுக்குப் பின் இடதுகைப் பாயானின் கும்காரம் இல்லாமல் வெறும் 'தூ' விழுந்தால் நீங்கள் 5இல் இருக்கிறீர்கள். பாயான் கும்மென்று சேர்ந்து 'தின்' விழுந்தால் 11. அதற்குப் பின் ஒரு 'நா', உடனே சமம்.

இன்னும் ஒன்று. புத்தகத்தில் காலி (தட்டாமல் கை வீசும் இடம்) 3இலும் 7இலும் என்று இருக்கும். காதுக்கு அப்படிக் கேட்காது. 5 முதல் 8 வரை நான்கு மாத்திரைகளில் பாயானின் அதிர்வே இல்லை. 7இல் வரும் 'கத்' பாயானைத் தட்டையாக மூடி அடிப்பது. 9இல் 'தாகே' வரும்போது கீழ்நாதம் திரும்பும். கீழ்நாதம் திரும்பிவிட்டது என்றால் சமத்துக்கு இன்னும் நான்கு மாத்திரை. அந்த நேரத்தில் பாடகர் விஸ்தாரத்தைச் சுருக்கிக்கொண்டு, பந்திஷின் (பாட்டின்) முதல் துண்டான முக்டாவுக்குத் தயாராவார். முக்டாவில் எந்த எழுத்து சமத்தில் விழுகிறது என்பதை இரண்டு ஆவர்த்தனம் குறித்துக்கொண்டால் பிறகு தாளம் தொலையாது.

ரூபக் தாளில் சமத்திலேயே கையை வீசுகிறார்களே?

ஆம். தின் தின் நா | தின் நா | தின் நா, 3+2+2. முதல் இரண்டு 'தின்'னும் பாயான் இல்லாத வலதுகைத் தின். சமமே காலியாக வரும் தாளம் அது. ஆதலால் அழுத்தத்தைத் தேடினால் 4ஆம் மாத்திரையைச் சமம் என்று எண்ணி ஏமாறுவோம். நம் ரூபகத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம்.

மிரஜ் தம்புரா ஒன்று வாங்கினேன். சுருதி சேர்ந்தாலும் நாதம் செத்தமாதிரி இருக்கிறது. கடைக்காரர் நூலை நகர்த்தச் சொல்கிறார். எப்படி?

முதலில் தந்தியைப் பாருங்கள். பெண் குரலுக்கான தந்தி போட்ட தம்புராவை ஆண் கட்டைக்கு (சுருதிக்கு) இறக்கினால் தந்தி தளர்ந்துபோகும். நூலை எங்கே வைத்தாலும் ஜீவன் வராது. உங்கள் கட்டைக்கு உரிய தந்தி என்று உறுதியான பிறகு:

குதிரைக்குக் கீழே உள்ள மணிகளை நடுவில் வையுங்கள், மேலும் கீழும் நகர இடம் வேண்டும். பிரடையை (முறுக்காணியை)த் திருகி நடுவிலுள்ள இரண்டு தந்திகளை மத்திய ஷட்ஜத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து நான்காவதை மந்திர ஷட்ஜத்துக்கு. முதல் தந்தியைக் கடைசியில், பஞ்சமத்துக்கு. துல்லியத்துக்கு மணி: வால்பக்கம் தள்ளினால் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் தள்ளினால் இறங்கும்.

நூல் இதற்குப் பிறகுதான். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே பருத்தி நூலை நுழைத்து, தந்தியை மீட்டிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் நாதம் திறந்து ரீங்காரம் நீளும். அதைத் தாண்டினால் மறுபடி அடங்கும். நூல் தடிமனாக இருந்தால் தந்தி குதிரையை விட்டு எழுந்து வறண்டு ஒலிக்கும். நான்கிலும் ரீங்காரம் ஒரே அளவில் நீள வேண்டும். நூலை நகர்த்திய பின் சுருதி சற்று மாறியிருக்கும், மணியால் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் குதிரையின் மேற்பரப்பில் தந்தி பள்ளம் பறித்திருக்கும். அந்த வளைவைத் தேய்த்துச் சீராக்குவது கைவினைஞர் வேலை. நீங்கள் உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். ஒரு தவறான தேய்ப்பு குதிரையையே வீணாக்கும். தஞ்சாவூர்த் தம்புரா பலா மரக் குடம். மிரஜ் குடம் உலர்ந்த சுரைக்காய், மோதினால் விரியும்.

சுருதி சேர்ந்ததற்கு உரைகல்: மந்திர ஷட்ஜத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானே எழும். அதற்கு ஸ்வயம்பு காந்தாரம் என்று பெயர். பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு முதல் தந்தியை மாற்றுவார்கள்: மால்கௌன்ஸுக்கு மத்தியமம், பூரியாவுக்கு நிஷாதம்.

ஹார்மோனியத்தை வானொலியில் தடை செய்தது உண்மையா? ஏன்?

உண்மை. 1940இல் அகில இந்திய வானொலி விலக்கியது, 1971 வரை நீடித்தது. கட்டைகளுக்கு இடையில் மீண்டு கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொன்று சுருதி. சமமாகப் பிரித்த கட்டையில் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராவின் ஸ்வயம்பு காந்தாரம் சுமார் 386. அந்த 14 சென்ட் பூபாலி மாதிரி காந்தாரத்தில் நிற்கும் ராகத்தில் காதை உறுத்தும். பக்கவாத்தியமாக வைத்தால், பாடகர் நீண்டு நிற்கும் சுரத்தை அழுத்திப் பிடிக்காமல் சன்னமாகத் தொட்டுவிட்டு எடுப்பவரே நல்ல வாசிப்பாளர். வில்லால் வாசிக்கும் சாரங்கிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது மேடையிலிருந்து குறைந்துபோனது பெரிய இழப்பு.

கரானா (பாடகர் பரம்பரை) என்பது வெறும் குடும்பப் பெயரா, கேட்டால் தெரியுமா?

கேட்டால் தெரியும். எல்லாரும் பாடும் யமன் ராகத்தை எடுத்து மூன்று கரானாவில் கேளுங்கள்.

கிரானா ஒவ்வொரு சுரமாகத் திறக்கும். நிஷாதத்தில் மட்டுமே சில நிமிடம் போகும், தாளம் பின்னால் நிற்கும். ஆக்ராவில் கயாலுக்கு முன்பே, பழைய பாணியான துருபத் முறையில், 'நோம் தோம்' என்ற அசைகளால் ஆலாபனை வரும். பிறகு பாட்டின் சொற்களைத் தாளத்தோடு வெட்டி விளையாடும் போல்-பாண்ட். பரோடா சமஸ்தானத்தின் ஃபையாஸ் கான் இதற்கு இலக்கணம். ஜெய்ப்பூர்-அத்ரௌலியில் காலம் அவ்வளவு விளம்பமில்லை, அகாரத் தான்கள் ('ஆ' என்று பாடும் வேகச் சுரவரிசைகள்) கொடிபோலச் சுற்றும், அரிய ராகங்களும் இரண்டு ராகம் கலந்த ஜோட் ராகங்களும் அவர்கள் சொத்து. அதை நிறுவிய அல்லாதியா கான் (1855-1946) கோலாப்பூர் அரசவையில் இருந்தவர்.

கிரானாவின் அப்துல் கரீம் கானுக்கும் (1872-1937) தெற்குக்கும் உறவு ஆழமானது. மைசூர் அரசவைக்கு வந்துபோனவர், கர்நாடகப் பாணியில் சர்கம் (சுரப் பெயர்களைச் சொல்லிப் பாடுவது) பாடினார், தியாகராஜரின் கரஹரப்ரியா கீர்த்தனையை இசைத்தட்டில் பதிவும் செய்தார். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறந்தார். அடக்கம் செய்தது மிரஜில்.

16 மாத்திரைத் தீன்தாலில் திஹாய் (ஒரே சொல்லை மூன்று முறை வாசித்துச் சமத்தில் முடிப்பது) போட்டால் சமத்துக்கு முன்னால் அல்லது பின்னால் விழுகிறது. கணக்கு சொல்லுங்கள்.

சமத்தில் தொடங்கி அடுத்த சமத்தில் முடிய 17 மாத்திரை வேண்டும், 16 இல்லை. கடைசி அடி புதிய சமத்தின் மேல் விழ வேண்டுமே. 5+1+5+1+5. 'திட கத கதி கன தா' என்பது 5 மாத்திரை, பின் 1 மாத்திரை மௌனம். மூன்று 'தா'வும் 5, 11, 17இல் விழும். மௌனம் உள்ள இதற்குத் தம்தார் என்று பெயர். மௌனமில்லாத 'பே-தம்' வகை வேண்டுமானால் 9ஆம் மாத்திரையில், காலியில் தொடங்கி மூன்று மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசியுங்கள், 11, 14, 17. 10 மாத்திரை ஜப்தாலுக்கு 11 மாத்திரை: 3+1+3+1+3.

முன்னால் விழுகிறது என்றால் இரண்டாவது மௌனத்தை விழுங்குகிறீர்கள். பரபரப்பில் எல்லாரும் செய்வது. பின்னால் விழுகிறது என்றால் முதல் 'திட'வைச் சமத்துக்கு அடுத்த மாத்திரையில் தொடங்கியிருப்பீர்கள், அல்லது மௌனத்தில் 'தா'வின் நாதம் அடங்கும்வரை காத்திருக்கிறீர்கள். தபலாவைத் தொடாமல், கையில் தாளம் போட்டு வாயால் சொல்லுங்கள். மௌனம் வரும் இடத்தில் 'ஒன்று' என்று உரக்கச் சொல்லுங்கள். கை பிசகாமல் வந்த பிறகு அந்த 'ஒன்று' என்பதை மனத்துக்குள் சொல்லலாம்.