சின்னவனோடு ஊர் மாறுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை நெடுநாளாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

உவர்மலையில் என் அம்மாவோடு ஒரே வளவில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். இவருக்கு வங்கியில் இடமாற்றம் வந்துவிட்டது. தை மாதம் முதல் ஹட்டனில் வேலை. இரண்டு மூன்று வருடமாவது அங்கேதான் இருக்க வேண்டி வரும்.

பிறந்த ஊரை, இந்தக் கடலை, கோணேசர் கோயில் மான்களை எல்லாம் பிள்ளை மறந்துவிடுவானே என்று நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. போவதற்கு முதல் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று சனி ஞாயிறுகளில் அவனைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். நிலாவெளிக்குப் போனோம், மழை. கன்னியாவில் வெந்நீரைக் கண்டு கத்தினான். புறாத்தீவுக்குப் போகவே முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுகிறான் இல்லை, இரவில் எழும்பி எழும்பி அழுகிறான். வீட்டில் நின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. விடிய எழும்பியதும் தன் சிவப்புக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அம்மாவின் செவ்வரத்தைக்கு ஊற்றி, "குடி, குடி" என்பான். அது முடிந்தால்தான் பால்.

அம்மா 1990இல் சண்டைக்குப் பயந்து, அண்ணாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இருந்து, பிறகு மன்னாரால் படகேறி இந்தியாவுக்குப் போனவ. நான் அங்கே அகதி முகாமில் பிறந்து, இரண்டரை வயதில் இங்கே வந்தேன். இந்த இடமாற்றத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. பிள்ளையின் உடுப்புகளை மட்டும் திரும்பத் திரும்ப மடித்து வைக்கிறா.

பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துவது அக்கா?

ம., உவர்மலை, திருகோணமலை

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தச் சனி ஞாயிறு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் நம் பக்கத்துக் கடல் சின்னப் பிள்ளைகளுக்கு உரியதில்லை. வாடைக்காற்று, கலங்கிய தண்ணீர், நனைந்த மணல். சித்திரை தாண்டிக் கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் நிலாவெளியும் உப்புவெளியும் அலையடங்கிக் கிடக்கும். புறாத்தீவுக்குப் படகு ஒழுங்காக ஓடுவதும் அந்த மாதங்களில்தான். கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு விதச் சூடு, பெரியவர்களே முதல் வாளியை யோசித்துத்தான் ஊற்றுவார்கள். பிள்ளை கத்தியதில் ஒரு பிழையும் இல்லை.

நீங்கள் காட்ட நினைக்கும் திருகோணமலை உங்களுடையது. டச்சுக்குடாக் கடற்கரையில் கச்சான் கொறித்த பின்னேரங்கள், கோட்டை வாசலால் கோயிலுக்கு ஏறிப் போகும்போது வாழைப்பழத் தோலுக்காக மூக்கை நீட்டும் மான்கள், இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்துப் பயந்தது எல்லாம் முப்பது வருடமாக உங்களுக்குள் சேர்ந்த ஊர். அதை நாலு சனி ஞாயிறில் ஒரு பிள்ளைக்குள் ஊற்றிவிட ஏலாது. அவனுடைய ஊர் மிகச் சின்னது, அதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

செவ்வரத்தை வரும் அந்த இரண்டு வரியைத் திரும்பவும் வாசித்தேன். கோப்பை நிறையத் தண்ணீர் பிடித்திருப்பான். குழாயடியிலிருந்து செடிக்குப் போவதற்குள் பாதி சட்டையில், மீதியில் பாதி காலில். வேருக்குப் போய்ச் சேருவது ஒரு மிடறு இருக்குமோ என்னவோ. ஆனாலும் அவன் நின்று, செடியைப் பார்த்து, "குடி" என்று சொல்கிறான். தன்னை நீங்கள் எப்படிப் பால் குடிக்க வைக்கிறீர்களோ அப்படியே அவன் செடியைக் குடிக்க வைக்கிறான். செடி குடித்த பிறகுதான் தன் பால். ஒரு வீட்டில் தனக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறது என்று இரண்டு வயதில் ஒரு பிள்ளை கண்டுபிடித்திருக்கிறான். ஹட்டனுக்குக் கொண்டுபோக வேண்டியது இதைத்தான். சிவப்புக் கோப்பை லொறியில் ஏறக் கூடாது, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லிச் செவ்வரத்தையில் ஒரு தடி வெட்டி இப்போதே சாடியில் ஊன்றிவிடுங்கள். மழைக்காலம்தானே, வேர் பிடிக்கும். மலைக்குளிரில் அது மெதுவாகத்தான் தளிர்க்கும், பூக்காமலும் போகலாம். பரவாயில்லை. விடிய எழும்பினால் தண்ணீர் ஊற்ற ஒரு சாடி இருந்தால் போதும்.

இரவில் எழும்பி அழுவதை, ஊரை விட்டுப் போகிறோம் என்று தெரிந்து அழுவதாக நினைத்து நீங்களும் சேர்ந்து அழாதீர்கள். "அடுத்த மாதம்" என்பது அந்த வயதுக்குப் பிடிபடாது, "நாளைக்கு" என்பதே அரைகுறை. பகல் தூக்கம் வாகனத்துக்குள் உடைந்து, சாப்பாடு நேரம் தவறி, பழகாத இடத்தில் பழகாத ஆட்கள் தூக்கினால் எந்தப் பிள்ளையும் இரவில் அதைத்தான் செய்யும். இரண்டு கிழமை வீட்டோடு இருந்து பாருங்கள், தூக்கம் பழையபடி வரும்.

போகும் விஷயத்தை அவனிடம் இப்போதே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். போக இரண்டு மூன்று நாள் இருக்கும்போது சொன்னால் போதும். "லொறி வரும், உன் கட்டில் ஏறும், அம்மா, அப்பா, நீ எல்லாரும் வாகனத்தில் போவோம்" என்று அவன் கண்ணால் காணக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். அவன் சாமான்களைக் கடைசியாகக் கட்டுங்கள், அங்கே முதலில் அவிழுங்கள். கட்டில் ஏறுவதையும் இறங்குவதையும் அவன் பார்க்கட்டும். தலையணை உறையைத் தோய்க்காமல் கொண்டுபோங்கள், வீட்டு மணம் அதில் இருக்கும். போத்தலை நிறுத்துவது, சிறுநீருக்குச் சொல்லப் பழக்குவது இதெல்லாம் இந்த மாதத்தில் வேண்டவே வேண்டாம். பழகியதைக்கூட அங்கே போய்க் கொஞ்ச நாள் மறப்பான், திரும்பவும் மடியை விட்டு இறங்க மாட்டான். ஊர் மாறிய பிள்ளைகளிடம் இது சாதாரணம். ஏசாமல் விட்டால் சில கிழமைகளில் தானாகச் சரிவரும்.

இன்னொன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளையைப் பிடித்து, "அம்மம்மாவை விட்டிட்டுப் போகப் போறீங்களோ? அம்மம்மா பாவம், அழுவா" என்று கேட்டு, அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நம் ஊரில் இது பாசம் என்ற பெயரில் நடக்கும் கொடுமை. வந்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இனி ஹட்டனைப் பற்றி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். தையில் இரவுக் குளிர் நம் பிள்ளைகளுக்குப் புதிது. காலுறையும் தொப்பியும் இப்போதே வாங்கி, விளையாட்டுப் போலப் போட்டுப் பழக்குங்கள். வெறுங்காலோடு திரிந்தவன், முதல் நாள் குளிரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கழற்றி எறிவான். கிணற்றடிக் குளிப்பு அங்கே நடக்காது. நடுப்பகலில், வெயில் எட்டிப் பார்க்கும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர். உடுப்பு காய நாளெடுக்கும், ஆகவே உள்ளுடுப்புகளைக் கூடுதலாக வைத்திருங்கள். இங்கே விடிய வலையில் வந்த மீனைச் சாப்பிட்ட பிள்ளைக்கு அங்கே வரும் மீன் பிடிக்காமல் போகலாம். வற்புறுத்தாமல் முட்டையும் பருப்பும் கரட்டும் கொடுங்கள், நெத்தலிக் கருவாடு கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள்.

மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். போயாவுக்கும் சனி ஞாயிறுக்கும் ஹட்டன் வீதிகளில் யாத்திரிகர் வாகனங்கள் நிறைந்திருக்கும். லொறியை ஒரு வேலைநாளில் பிடியுங்கள். கண்டி தாண்டிக் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைவு வளைவாக ஏறும் பாதை, பிள்ளை சத்தியெடுப்பான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரத்திலேயே இருக்கிறது. அங்கே இறங்கி அவனை ஓடவிட்டு, வயிற்றுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பிறகு ஏறுங்கள்.

கிளினிக் கொப்பியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போகிறோம் என்று இங்குள்ள மிட்வைஃபிடம் சொல்லிவிட்டு, ஹட்டனில் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பதியுங்கள். பதினெட்டாம் மாதத்து ஊசி முடிந்திருக்கும். அடுத்தது மூன்று வயதில் எம்.எம்.ஆர்., அது அங்கேதான் வரும். ஆதார வைத்தியசாலை டிக்கோயாவில் இருக்கிறது. ஹட்டனுக்குப் போன முதல் கிழமையே ஒருக்கால் அங்கே போய் வழியைப் பார்த்து வையுங்கள், காய்ச்சல் வந்த இரவில் தேடித் திரியக் கூடாது.

மறந்துவிடுவானே என்று கேட்டீர்கள். மறப்பான், தங்கச்சி. பெரும்பாலானவர்களின் மிகப் பழைய நினைவே மூன்று, மூன்றரை வயதுக்குரியது. மானும் கடலும் இந்த முற்றமும் அவனுக்கு நேரடியாக நினைவிருக்காது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. முகாமிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது உங்களுக்கும் ஏறத்தாழ இதே வயது. முகாமில் நீங்கள் படுத்த பாய் நினைவிருக்கிறதா? இருக்க வழியில்லை. ஆனால் மன்னார், படகு, முகாம் என்று தெளிவாக எழுதுகிறீர்கள். உங்களுக்குள் அதை வைத்தது யார்? அம்மா சொல்லிச் சொல்லி அது உங்களுடையதாகியிருக்கிறது. உங்கள் மகனின் திருகோணமலையும் அப்படித்தான் அவனுக்குக் கிடைக்கும். ஆகவே ஒரு கொப்பி வாங்கி, அவன் இப்போது என்ன சொல்கிறான், எதற்குச் சிரிக்கிறான், எந்தப் படியில் தடக்கி விழுந்தான் என்று எழுதி வையுங்கள். படங்கள் உங்கள் போனில் ஆயிரம் இருக்கும். அவை "குடி, குடி" என்பதைச் சொல்லாது.

எனக்குக் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். பிள்ளை தன் தாயையும் தகப்பனையும் கூடவே கொண்டுபோகிறான். அவவுக்குக் காலையில் செவ்வரத்தையடியில் யாரும் வர மாட்டார்கள். அதைவிட, பிள்ளையோடு வீட்டை விட்டுப் போவது என்றால் அவவின் உடம்புக்குத் தெரிந்தது 1990தான். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் போனது. உடுப்பை மடித்து, பிரித்து, திரும்பவும் மடிப்பது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. அன்றைக்கு மடிக்க நேரம் கிடைக்கவில்லை. அதைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் மடியுங்கள்.

அப்புறம் அவவிடம் கேளுங்கள். இரண்டரை வயதுப் பிள்ளையாக என்னை இங்கே கொண்டுவந்தபோது என்ன செய்தீர்கள் அம்மா, நான் அழுதேனா, என்னத்தைக் காட்டித் தேற்றினீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் எனக்கு எழுதிய கேள்விக்கு உங்கள் வளவிலேயே ஒரு ஆள் இருக்கிறா. நான் சொன்னதற்கு மாறாக அவ ஏதும் சொன்னால், அவ சொல்வதையே கேளுங்கள்.

முடிந்தால் முதல் இரண்டு கிழமைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். புது வீட்டில் பால் காய்ச்சுவது அவவின் கையால் நடக்கட்டும், பொங்கலும் அங்கே முடியட்டும். பிறகு அவ திரும்பும்போது, பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து நழுவிப் போக வேண்டாம். எழும்பித் தேடினால் அன்றிலிருந்து தூங்கவே பயப்படுவான். அவன் விழித்திருக்கும்போது, கண்ணைப் பார்த்து, "அம்மம்மா போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டே பஸ் ஏறட்டும். அழுவான், நீங்கள் தூக்கி வைத்திருங்கள். மறுநாள் தொடக்கம் அவன் சாப்பிடும் நேரத்தில் போனை மேசையில் சாய்த்து வையுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை போனுக்கு முன்னால் இருந்து கதைக்காது. அவ இங்கே தன் குசினியில் வேலை பார்த்துக்கொண்டு, "காக்காவுக்கு ஒரு வாய்" என்று வழக்கம்போலச் சொல்லட்டும், அவன் அங்கே சாப்பிடட்டும்.

அம்மா என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா