ஸ்கிம்மர் பம்ப் ஏன் கத்துகிறது? கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் 14 வருடமாக உப்புநீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். ஸ்கிம்மர் என்பது நுரை கிளப்பித் தண்ணீரின் அழுக்கைப் பிரிக்கும் கருவி. இந்தக் கரையில் பலர் வீட்டு ஸ்கிம்மர் பம்ப்புகளைக் கழற்றி மாட்டிய அனுபவம் உண்டு. இன்று பம்ப் சத்தம் பற்றிக் கேளுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: தண்ணீருக்குள் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.

ராமநாதபுரம்: அண்ணே, 2 வருஷமாகச் சத்தமே இல்லாமல் ஓடிய பம்ப், ஒரு வாரமாகக் கரகர என்று அரைக்கிறது. புதுசு வாங்கணுமா?

வாங்காதீர்கள் தம்பி. பத்தில் எட்டு பம்ப்புக்கு இதே கதைதான், சுண்ணாம்பு. கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடான இடத்தில் கல்லாகப் படியும். தொட்டியில் எப்போதும் சூடாக இருப்பது மோட்டார்தான். இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை, அதன் காந்தத்தைச் சுற்றியும் அது உட்காரும் குழியிலும் வெள்ளையாகப் படிந்துவிட்டால், இடைவெளி குறைந்து உரசும். அதுதான் கரகரப்பு. பவளம் வளர்க்கக் கால்சியம் ஊற்றுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

பம்ப்பைக் கழற்றி, முன்மூடியைத் திருகி எடுங்கள். இம்பெல்லரை நேராக இழுங்கள், சாய்த்து இழுக்காதீர்கள். நடுவில் இருப்பது செராமிக் தண்டு, சாக்பீஸ் மாதிரி ஒடியும். தண்டின் நுனியில் இருக்கும் குட்டி ரப்பர் புஷ் குழியின் அடியிலேயே தங்கிவிடும், அதையும் தேடி எடுங்கள். எல்லாவற்றையும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். பழைய பல் பிரஷ்ஷால் குழியின் அடிவரை தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். வினிகர் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் போதும்.

கழுவியபின் காந்தத்தைப் பாருங்கள். மேல்பூச்சு வெடித்துத் துரு தெரிந்தாலோ, காந்தம் உப்பியிருந்தாலோ, அந்த இம்பெல்லரைத் திரும்பப் போடாதீர்கள். துருவோடு உலோகமும் தண்ணீரில் இறங்கும். இறால்தான் முதலில் சாகும். நான் அப்படி இரண்டை இழந்திருக்கிறேன். இம்பெல்லர் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு பம்ப் தேவையில்லை.

உச்சிப்புளி: எனக்குக் கரகரப்பு இல்லை. 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும் சத்தம், நடுநடுவே குபுக் குபுக். நுரையும் குறைந்துவிட்டது.

காற்றுக்குழாயில் உப்பு அடைத்திருக்கிறது. குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் காற்றும் உப்புநீரும் சந்திக்கும், அங்கேதான் உப்புக் கட்டும். குழாயின் மேல்முனையைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள், ஓடும் பம்ப்பே உறிஞ்சிக் கரைத்துக்கொள்ளும். குபுக் சத்தத்துக்கு சம்ப்பில், அதாவது ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியில், தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். நம் ஊர்க் காற்றுக்கு மட்டம் வேகமாக இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், கடல் தண்ணீரால் அல்ல.

தேவிபட்டினம்: பம்ப் கரகர என்கிறது, என்ன செய்ய?

வினிகர். முதல் பதில்.

ஏர்வாடி: தண்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் குறைந்தது, ஆனால் ஸ்கிம்மரில் நுரையே வரவில்லை.

எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். ஸ்கிம்மரின் வேலையே குமிழியின் தோலில் அழுக்கு ஒட்டி மேலே ஏறுவதுதான், எண்ணெய் அந்தக் குமிழியை உடைத்துவிடும். பம்ப்பைச் சுடுதண்ணீரில் பலமுறை அலசுங்கள், தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். சோப்புப் போடாதீர்கள், அது இதற்கு நேர்மாறு, நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடும். இந்தத் தண்டுக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

பாம்பன்: அண்ணே, வினிகரில் இரண்டு தடவை ஊறவைத்தும் கடகடப்பு போகவில்லை. உள்ளே பல் மாதிரி கூராக ஏதோ ஒட்டியிருக்கிறது. தண்ணீர் வீட்டு வாசலில் கடலிலிருந்தே அள்ளுகிறேன்.

தம்பி, அது கொட்டலசு, ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரி. வள்ளத்தின் அடியில் சுரண்டி எடுப்போமே, அதேதான். அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரில் மிதந்து வரும். பம்ப்புக்குள் ஓட்டமும் இரையும் தாராளம், அங்கேயே ஒட்டி ஓடு கட்டிவிடும். பிளாஸ்டிக் கரண்டியின் விளிம்பால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். மிச்சத்தை வினிகர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படியே அள்ளி ஊற்றும்வரை இது திரும்பத் திரும்ப வரும்.

தங்கச்சிமடம்: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமே கடல் தண்ணீரில்தான் மீன் வளர்க்கிறது. கடலை வாசலில் வைத்துக்கொண்டு பாக்கெட் உப்பு வாங்கச் சொல்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை அண்ணாச்சி. கடல் தண்ணீர் அருமையான தண்ணீர். அதைப் பக்குவப்படுத்தாமல் ஊற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். குஞ்சு பொரிக்கும் கூடங்களில் தெளியவைத்து, வடிகட்டித்தான் தொட்டிக்கு விடுவார்கள். நாமும் 10 மைக்ரான் நுண்துளைப் பையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் 2 வாரம் வைத்தால் பெரும்பாலான தொல்லை செத்து அடியில் படிந்துவிடும். மேல்தண்ணீரை மட்டும் எடுத்து, காற்றடித்துப் பயன்படுத்தலாம். படகுத்துறைப் பக்கம் அள்ளாதீர்கள், டீசல் படலம் இருக்கும்.

தங்கச்சிமடம்: வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீரா, தென்கடல் (மன்னார் வளைகுடா) தண்ணீரா? எங்கள் பக்கம் வடகடல்தான் தெளிவு என்பார்கள்.

எந்தக் காற்றில் என்று சேர்த்துக் கேட்கணும். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கலங்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை வந்துவிட்டால் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கும், அப்போது இரண்டு கடலும் ஏமாற்றும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) வருகிறதா என்று பார்க்காமல் ஊற்றாதீர்கள். தெளிவைக் கண்ணால் பார்க்கலாம், உப்பைப் பார்க்க முடியாது.

பாம்பன்: அப்படியே கரையில் ஒதுங்கிய முருகைக்கல் (பவளக்கல்) நாலு எடுத்துத் தொட்டியில் வைக்கலாமா? செத்த கல்தானே?

கூடாது. செத்ததும் கூடாது, ஒதுங்கியதும் கூடாது. 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு, சிறை வரை போகும். சட்டத்தை விடுங்கள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்கு முருகைக்கல்லை வெட்டி எடுத்துத்தான் இந்தப் பாறைகள் தேய்ந்தன. மன்னார் வளைகுடாவின் தீவுகள் அந்தப் பாறையால்தான் நிற்கின்றன. நம் வீட்டு அழகுக்காக அதிலிருந்து ஒரு துண்டும் குறைய வேண்டாம். கடையில் சுட்ட பீங்கான் கல் கிடைக்கும், பாக்டீரியா அதிலும் நன்றாகக் குடியேறும்.

கீழக்கரை: கரண்ட் போனால் மட்டும் பம்ப் 'உர்ர்' என்கிறது. வந்ததும் சரியாகிவிடுகிறது.

அக்கா, உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை, மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராது. சாதா ஏசி பம்ப்புக்கு அது ஒத்துவராது, உறுமும், சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்குங்கள். அதுவரை ஸ்கிம்மரை இன்வெர்ட்டரில் போட வேண்டாம். சில மணி நேரம் ஸ்கிம்மர் நின்றால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் சுற்றும் பம்ப் நிற்கக் கூடாது.

தொண்டி: என் பம்ப்பும் கரகர என்கிறது.

மேலே முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். படித்துவிட்டு வாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள்.

மண்டபம் கேம்ப்: கோமாளி மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளி.

மீன் நோயில் நான் கை வைப்பதில்லை. நீங்கள் இருப்பது ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கேயே போய்க் கேளுங்கள், கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்பவர்கள் அவர்கள்.

சாயல்குடி: எல்லாம் கழுவிவிட்டேன், தண்டும் புதுசு. ஆனாலும் ராத்திரி கேபினெட் முழுக்க ரீங்காரம். கையால் பம்ப்பைத் தூக்கினால் நின்றுவிடுகிறது.

பதிலை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பம்ப் நல்லாத்தான் இருக்கிறது, அதன் அதிர்வு கண்ணாடி வழியாக மரப்பெட்டிக்கு ஏறுகிறது. ஸ்கிம்மருக்கு அடியில் மெத்தென்ற சிலிக்கான் விரிப்பு ஒன்று போடுங்கள். பம்ப்போ ஸ்கிம்மர் உடலோ காற்றுக்குழாயோ சம்ப் சுவரைத் தொடாதபடி விரல் அளவு இடம் விடுங்கள். இன்னொன்று, இனிமேல் பம்ப்பைத் தூக்கிப் பார்க்கும்போதும் பிளக் பிடுங்கியிருக்கணும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், வயர் வழியாக வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த லைனில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் விரிப்பு வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.